துணைநூற்பட்டியலில் யார் பெயர்? மேற்கோள் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தவறுகின்றன

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள தமிழ்ச் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதுகலை வரலாறு படிக்கும் பெண் ஒருத்தி தன் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலை என்னிடம் காட்டினாள். கோலார் தங்கவயல் தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு. அவளுடைய தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வேடு என்பதால் பட்டியலும் ஆங்கிலத்தில்தான். காற்புள்ளி, சாய்வெழுத்து, ஆண்டைச் சுற்றி அடைப்புக்குறி என்று பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது. இந்தியன் பீரோ ஆஃப் மைன்ஸ் என்ற அரசு அமைப்பு, "மைன்ஸ், ஐ. பி." என்று ஒரு தனி மனிதராக மாறியிருந்தது. ஒரு கட்டுரையை எழுதியவர் "எம்., கே." அயோத்திதாசப் பண்டிதர் "பண்டிதர், ஏ." ஆகி, ஆங்கிலப் 'பி' வரிசையில் இருந்தார். பண்டிதர் என்பது பட்டம் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். "ஆப் போட்டது மேடம், நான் கையே வைக்கல" என்றாள்.

கல்லூரி நூலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். கையால் எழுதிய பட்டியல்களையும் பார்த்திருக்கிறேன், மேற்கோள் செயலி, அதாவது துணைநூற்பட்டியலைத் தானே ஆக்கித் தரும் மென்பொருள், போட்ட பட்டியல்களையும் பார்க்கிறேன். முன்பெல்லாம் பிழை காற்புள்ளியில் இருக்கும், பெயர் சரியாக இருக்கும். இப்போது காற்புள்ளி சரியாக இருக்கிறது, பெயர் பிழையாக இருக்கிறது. ஆய்வுக்கு எது பெரிய கேடு என்று கேட்டால், பெயர்ப்பிழைதான் என்பேன். இந்தப் பிழைகள் ஏன் வருகின்றன என்று புரிந்துகொண்டால், செயலியை விட்டுவிடாமலே அவற்றைத் தவிர்க்கலாம்.

செயலிக்குள் நடப்பது

மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்துபவை ஸோட்டெரோ, மெண்டெலி, எண்ட்நோட் ஆகிய மூன்றும். ஸோட்டெரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்று ஆய்வாளர்களின் மையம் ஒன்றில் பிறந்தது. இன்றுவரை இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. மெண்டெலி லண்டனில் தொடங்கியது, 2013இல் எல்செவியர் பதிப்பகம் அதை வாங்கிக்கொண்டது. எண்ட்நோட் இவற்றுக்கு மூத்தது, விலை கொடுத்து வாங்க வேண்டியது. இவை தவிர, நூல் பெயரைத் தட்டினால் ஒரு வரியை ஆக்கித் தரும் இணையதளங்களும் நிறைய உண்டு.

எதை எடுத்தாலும் உள்ளே மூன்று வேலைகள்தான் நடக்கின்றன. முதலில், விவரங்களை எங்கிருந்தாவது கொண்டுவருவது. இணையத்தில் ஒரு கட்டுரையைத் திறந்து உலாவியில் உள்ள பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதி வைத்திருக்கும் ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு ஆகியவற்றைச் செயலி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகக் கொடுக்கப்படும் அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுத்தால், பதிப்பகங்கள் சேர்ந்து 2000இல் தொடங்கிய கிராஸ்ரெஃப் போன்ற பதிவேடுகளில் போய்த் தேடும். நூலுக்கு ஐ.எஸ்.பி.என். என்ற நூல் எண்ணைக் கொடுத்தால் நூலகப் பட்டியல்களில் தேடும். அடுத்து, கிடைத்ததைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கும்: குடும்பப் பெயர், முதற்பெயர், தலைப்பு, பதிப்பகம், இடம், ஆண்டு. கடைசியாக, அந்தப் பெட்டிகளில் உள்ளதை நீங்கள் கேட்ட பாணியில் கோத்துத் தரும். ஏ.பி.ஏ. என்றால் ஒரு மாதிரி, எம்.எல்.ஏ. என்றால் வேறு மாதிரி, பொறியியல் மாணவர்களின் ஐ.ஈ.ஈ.ஈ. என்றால் [1], [2] என்று எண் போட்டு.

மூன்றாவது வேலையில் செயலிகள் உண்மையிலேயே கெட்டி. ஒவ்வொரு பாணியின் விதிகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதி வைக்க சி.எஸ்.எல். என்ற பொது மொழி இருக்கிறது. அதில் 10,000க்கும் மேற்பட்ட பாணிகள் எழுதப்பட்டுள்ளன. ஸோட்டெரோ, மெண்டெலி இரண்டும் அதையே பயன்படுத்துகின்றன. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் நெறியாளர் "ஏ.பி.ஏ. வேண்டாம், சிகாகோவில் கொடு" என்று சொன்னால், முன்பு இரண்டு இரவு தூக்கம் போகும். இப்போது ஒரு சொடுக்கில் முடிகிறது. மாணவர்களுடைய இந்த நேரம் மிச்சமாவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

இரண்டாவது வேலையில்தான் சிக்கல். பெட்டிகளை வகுத்தவர்கள், எல்லா மனிதருக்கும் ஒரு முதற்பெயரும் ஒரு குடும்பப் பெயரும் உண்டு என்று வைத்துக்கொண்டு வகுத்தார்கள். பெயரை ஒரே துண்டாகக் கொடுத்தால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வது அவற்றின் வழக்கம். 'இந்தியன் பீரோ ஆஃப் மைன்ஸ்' என்பதில் கடைசிச் சொல் மைன்ஸ். அதனால்தான் ஒரு அரசு அலுவலகத்துக்குக் குடும்பப் பெயரும் இனிஷியலும் வந்துவிட்டன.

பெயரில் தொடங்கும் குழப்பம்

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, சிலருக்கு அதற்கு முன்னால் ஊர்ப்பெயரின் எழுத்து, அப்புறம் தன் பெயர். முருகேசன் மகன் கார்த்திக், 'மு. கார்த்திக்'. இப்படி எழுதியிருந்தால் செயலிக்கும் சிக்கலில்லை. கடைசிச் சொல் கார்த்திக், பட்டியலில் 'கார்த்திக், மு.' என்று வந்துவிடும். குடும்பப் பெயர் என்று அது நினைத்துக்கொண்டாலும், நமக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது.

பாஸ்போர்ட் படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. அங்கே அப்பா பெயரை எழுதுகிறோம். வேலையில் சேரும்போது மின்னஞ்சல் முகவரியும் அதே மாதிரி அமைகிறது. மு. கார்த்திக் இப்போது 'கார்த்திக் முருகேசன்'. அவர் எழுதிய கட்டுரை 'முருகேசன், கே.' என்று மேற்கோளாகிறது. அந்தக் கட்டுரையை எழுதியது அவர், பட்டியலில் நிற்பது அவருடைய அப்பா.

பெங்களூருக்கென்று இன்னொரு வகை உண்டு. கர்நாடகத்தில் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் எழுதுவது பரவலான வழக்கம். இங்கே பள்ளியில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலிலும் 'கார்த்திக் எம்.' என்றே இருக்கும். அதே பெயரில் கட்டுரை எழுதினால், செயலி எம் என்ற ஒற்றை எழுத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, கார்த்திக்கை கே என்று சுருக்கிவிடும். அந்தப் பெண்ணின் பட்டியலில் இருந்த "எம்., கே." இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். ஒரு மனிதரின் பெயரில் எதுவுமே மிஞ்சாமல் இரண்டு எழுத்தாகிவிட்டது. அவரைத் தேடிப் போகும் அடுத்த மாணவருக்கு அந்த வரியால் என்ன பயன்?

அறிவியல் உலகில் பெரும்பெயர் பெற்றவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1983இல் இயற்பியல் நோபல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு சுப்பிரமணியன் என்பது அப்பா பெயர். அவர் அதை முன்னால் வைத்தார். அதனால் விண்மீன்களின் நிறை பற்றிய அந்த எல்லை, சந்திரசேகர் எல்லை என்று அவருடைய சொந்தப் பெயரிலேயே வழங்குகிறது. 2009இல் வேதியியல் நோபல் பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு ராமகிருஷ்ணன் என்பது அப்பா பெயர். அவரைத் தெரிந்தவர்கள் வெங்கி என்று அழைக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் அவரை 'ராமகிருஷ்ணன், வி.' என்று குறிக்கின்றன. சந்திரசேகரின் சித்தப்பாவும் நம் ஊரின் இந்திய அறிவியல் கழகத்தில் இயக்குநராக இருந்தவருமான சி. வி. ராமனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயர் வெங்கட ராமன். 'ராமன், சி. வி.' என்னும்போது பெயரின் முதற்பாதி அப்பா பெயரோடு சேர்ந்து இனிஷியல் ஆகிவிட்டது.

இவற்றை எல்லாம் மாணவர்கள் திருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெங்கியின் கட்டுரைகள் ராமகிருஷ்ணன் என்றே உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. அங்கே போய் 'வெங்கட்ராமன், ஆர்.' என்று நாம் எழுதினால், சரி செய்கிறேன் என்று தொலைத்துவிடுவோம். எழுதியவர் தன்னை எப்படிக் குறிக்கிறாரோ, அவருடைய மற்றக் கட்டுரைகள் எந்தப் பெயரில் உள்ளனவோ, அதைப் பின்பற்றுவதே முறை. அதற்கு நூலின் தலைப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும், இதழின் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

என்னிடம் வரும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த இரண்டு பெட்டிகளைக் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று படிக்காதீர்கள். பட்டியலில் எந்தச் சொல் முன்னால் நிற்க வேண்டும், அதற்குப் பின் எது வர வேண்டும் என்று படியுங்கள். மு. கார்த்திக் என்றால் முதல் பெட்டியில் கார்த்திக், இரண்டாவதில் மு. அவ்வளவுதான். புதுமைப்பித்தன் போன்ற புனைபெயருக்கும், அரசு அமைப்புகளுக்கும், பெயரைப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் வைக்கும் வசதி இருக்கிறது. ஸோட்டெரோவில் ஆசிரியர் வரிக்குப் பக்கத்தில் அதற்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. அதைத் தட்டியதும் மைன்ஸ் மறுபடி அலுவலகம் ஆகிவிடும்.

தமிழ் எழுத்திலேயே பட்டியல் போடுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. 'கா' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது 'க' என்ற குறியும் துணைக்கால் என்ற குறியும் சேர்ந்தது. முதல் குறியை மட்டும் எடுத்து இனிஷியல் ஆக்கும் செயலியில் கார்த்திகேயன் 'க.' ஆகிவிடுவார். இராமசாமியை 'இரா.' என்று சுருக்கும் நம் வழக்கமும் அதற்குத் தெரியாது. ஆகவே தமிழ்ப் பெயர்களின் இனிஷியலை நாமே தட்டச்சு செய்து வைப்பது நல்லது.

அகர வரிசையும் இப்படித்தான். கணினிக் குறிகளின் வரிசைப்படி அடுக்கினால் 'ன' என்பது 'ப'வுக்கு முன்னால் வந்துவிடும், 'ழ'வும் 'ள'வும் 'வ'வுக்கு முன்னால் வந்துவிடும். புள்ளி என்ற குறி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வைக்கப்பட்டிருப்பதால், அகராதியில் முதலில் வர வேண்டிய 'அக்க' என்று தொடங்கும் சொற்கள் 'அகத்' என்பதற்குப் பிறகு நிற்கும். தமிழ் வரிசை தெரிந்த மென்பொருள்கள் இருக்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டதா என்பதை நான்கு பெயர்களைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தங்கவயலின் 'தமிழன்'

அந்தப் பெண்ணின் பட்டியலில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது அயோத்திதாசர்தான். அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய வார இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டே பெயர் 'தமிழன்' என்று மாறியது. அவர் 1914இல் மறைந்தார். பிற்பாடு, 1926இல், ஜி. அப்பாதுரையார் அதே 'தமிழன்' பெயரில் தங்கவயலிலிருந்து இதழை மீண்டும் நடத்தத் தொடங்கினார். அயோத்திதாசரின் நூல்கள் பல, தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை வெளியீடாக வந்தன. சுரங்கத் தொழிலாளர்களின் வரலாற்றை எழுதும் ஒருவர் இந்த இதழைத் தொடாமல் நகர முடியாது.

இதைச் செயலியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? டி.ஓ.ஐ. இல்லை, ஐ.எஸ்.பி.என். இல்லை. தேடிப் பிடிக்க அதற்கு ஒரு பிடிமானமும் கிடையாது. எல்லாவற்றையும் கையால்தான் நிரப்ப வேண்டும். அவள் நிரப்பியிருந்தாள், ஆனால் இதழின் பெயர் இரண்டு காலத்துக்கும் ஒன்றே என்பதால் இடமும் ஆசிரியரும் கலந்துவிட்டன. 1908ஆம் ஆண்டு இதழுக்கு வெளியீட்டு இடம் தங்கவயல் என்று இருந்தது. படிப்பவர் அதை நம்பி, அயோத்திதாசர் தங்கவயலில் இருந்து இதழ் நடத்தினார் என்று எழுதிவிடலாம். சின்ன வரிப்பிழை, வரலாற்றுப் பிழையாகிவிடும்.

பெயரும் அப்படியே. ஆங்கில நூல்களில் அயோத்திதாசர் ஐயோதி தாஸ், அயோத்திதாஸ், ஐயோதீ தாஸ் என்று பல எழுத்துக்கூட்டல்களில் வருகிறார். ஒவ்வொன்றையும் செயலி அது வந்தபடியே வாங்கி வைத்துக்கொள்ளும். பட்டியலில் அவர் மூன்று இடத்தில் மூன்று ஆளாக இருந்தார். அமெரிக்க நூலகப் பட்டியலிலிருந்து விவரம் வந்தால் இன்னும் வேறு மாதிரி. தமிழை ரோமன் எழுத்தில் எழுதும் அவர்களுடைய முறையில் ச-வுக்கு 'சி' என்ற ஆங்கில எழுத்துதான். சாமிநாதையரை 'எஸ்' வரிசையில் தேடும் மாணவர், அவர் 'சி' வரிசையில் இருப்பதைக் கவனிக்கவே மாட்டார். ஆய்வேடு முழுவதற்கும் ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்து, எல்லா இடத்திலும் அதையே போடுவது மாணவரின் வேலை.

பழைய தமிழ் நூல்களில் ஆண்டும் ஒரு பொறி. தலைப்புப் பக்கத்தில் 'சர்வசித்து' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர் அது. 1887ஆ, 1947ஆ என்பதை அச்சகம், தாள், முன்னுரை ஆகியவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சித்திரையில் ஆண்டு பிறப்பதால், 1887இல் தொடங்கிய சர்வசித்துவின் மாசி மாதம் என்றால் அது ஆங்கிலக் கணக்கில் 1888. திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31ஐக் கழிக்க வேண்டும். ஆண்டுப் பெட்டி எந்த எண்ணைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.

மேற்கோளில் நூலின் பெயரைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது நம் மொழிக்குப் புதிதல்ல. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, நச்சினார்க்கினியர் தம் உரையில் காட்டிய மேற்கோள்கள் பல எந்த நூலைச் சேர்ந்தவை என்றே தெரியாமல் திணறினார். உரையாசிரியர் செய்யுள் வரியைச் சொல்லிவிட்டு நூற்பெயரைச் சொல்லாமல் போய்விடுகிறார். அவர் காலத்தில் படித்தவர்களுக்கு அது சொல்லாமலே தெரிந்திருக்கும். சில நூற்றாண்டு கழித்து யாருக்கும் தெரியவில்லை. அந்த வரிகளின் ஊற்றைத் தேடி ஏடு ஏடாகப் புரட்டிய உழைப்புதான் அவரைச் சங்க நூல்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஒரு நூற்பெயர் விடுபட்டதால் ஒரு மனிதர் எத்தனை காலம் அலைய நேர்ந்தது என்பதை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன்.

அழகான வரி, இல்லாத கட்டுரை

செயலி போட்ட வரி ஒழுங்காக இருப்பதாலேயே நம் கண் அதை நம்பிவிடுகிறது. இதற்கு ஓர் உண்மைக் கதை உண்டு. எல்செவியர் பதிப்பகம், கட்டுரை எழுதுபவர்களுக்கு மேற்கோளை எப்படி அமைப்பது என்று காட்ட, வான் டெர் கேர் என்பவரும் வேறு இருவரும் 2000ஆம் ஆண்டில் எழுதியதாக ஒரு மாதிரி வரியை வைத்திருந்தது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. அந்த இதழும் கிடையாது. ஆனால் அந்த வரியை உண்மையென எடுத்துக்கொண்டும், மாதிரியிலிருந்து அழிக்க மறந்தும், சுமார் 400 கட்டுரைகள் அதை மேற்கோளாகக் காட்டிவிட்டன. 2017இல்தான் இது பரவலாக வெளியே வந்தது.

இப்போது அந்த ஆபத்து பல மடங்காகியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளிடம் "இந்தத் தலைப்புக்கு பத்து ரெஃபரன்ஸ் கொடு" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஸோட்டெரோ வகைச் செயலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸோட்டெரோ ஒரு பதிவேட்டில் உள்ளதை எடுத்து வருகிறது. பதிவேட்டில் பிழை இருந்தால் பிழையோடு வரும், ஆனால் இல்லாததை அது உண்டாக்காது. அரட்டைச் செயலி, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி எண், பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. 2023இல் நியூயார்க்கில், இப்படிக் கிடைத்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெங்களூரிலேயே, வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அமர்வு 2024 டிசம்பரில் கொடுத்த ஓர் உத்தரவு, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியிருந்ததால் திரும்பப் பெறப்பட்டது. அனுபவம் மிக்கவர்களுக்கே இப்படி நேரும்போது, முதல் ஆய்வேடு எழுதும் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்கூட்டியே சொல்லித் தர வேண்டியது நம் கடமை.

செயலி இருந்தால் பிளேஜியரிசம், அதாவது எழுத்துத் திருட்டு, என்ற பிரச்சினை வராது என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. துணைநூற்பட்டியலை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பட்டியல் எவ்வளவு நீளமாக, அழகாக இருந்தாலும், உள்ளே அடுத்தவர் வாக்கியத்தை மேற்கோள் குறி இல்லாமல் அப்படியே எடுத்திருந்தால் செயலி காப்பாற்றாது. எந்த வரி யாருடையது என்பதை எழுதும்போதே குறித்துக்கொள்வது ஒன்றுதான் வழி. அதற்குச் செயலி உதவும்: குறிப்பு எழுதும் இடமும், பி.டி.எஃப். கோப்பைக் கூடவே சேர்த்து வைக்கும் வசதியும் அதில் இருக்கின்றன. இந்த வசதிகளை மாணவர்கள் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். கடைசி வாரத்தில் பட்டியல் போடும் எந்திரமாக மட்டுமே அதைப் பார்க்கிறார்கள். படிக்கத் தொடங்கும் முதல் நாளிலேயே திறந்து வைத்தால்தான் அதன் முழுப் பயனும் கிடைக்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை ஸோட்டெரோ 2019 முதல் எச்சரித்துக் காட்டுகிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

பெங்களூரில் இதைப் பேசும்போது சீயாளி ராமாமிர்த ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீர்காழிக்காரர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர், இந்திய நூலகவியலின் தந்தை. 1962இல் ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையத்தை இந்த ஊரில்தான் தொடங்கினார், 1972இல் இங்கேயே மறைந்தார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மேற்கோள் செயலிகள் எழுதுபவரின் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. பட்டியலில் பிழை இருந்தால் அந்த நேரத்தை எழுதுபவர் அல்ல, பின்னால் வரும் வாசகர் கொடுக்கிறார். சீயாளி ஊர்ப்பெயர், ராமாமிர்தம் அப்பா பெயர், ரங்கநாதன் தன் பெயர். 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று எந்தச் செயலியிலும் அவர் சரியாகவே வருவார்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. முறை எளிதுதான். அவள் கைபேசியில் எடுத்து வைத்திருந்த தலைப்புப் பக்கப் படத்தைத் திறப்பாள், நான் பட்டியல் வரியைப் படிப்பேன், பெயர், ஆண்டு, இடம் மூன்றையும் ஒப்பிட்டு டிக் போடுவாள். டி.ஓ.ஐ. இருந்தவற்றைச் சொடுக்கி, அதே கட்டுரை திறக்கிறதா என்று பார்த்தோம். இரண்டு இடத்தில் வேறு கட்டுரை திறந்தது. தலைப்புப் பக்கப் படம் இல்லாத நூல்களைத் தனியாகக் குறித்துக்கொண்டாள், கப்பன் பூங்கா நூலகத்தில் போய்ப் பார்ப்பதற்காக. "எம்., கே." யார் என்பதைக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஆசிரியர் குறிப்பில் கண்டுபிடித்தோம். முழுப் பெயர் கிடைத்ததும் அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் ரசித்தேன்.

ஒரே ஒரு வரி மட்டும் முடியவில்லை. அப்பாதுரையார் காலத்து 'தமிழன்' இதழ் ஒன்றின் ஜெராக்ஸ், உறவினர் ஒருவர் கொடுத்தது. தேதி இருந்தது. பக்க எண் இருக்க வேண்டிய மூலை வெட்டுப்பட்டிருந்தது. பக்கம் என்ற பெட்டி காலியாக இருந்தாலும் செயலி ஒன்றும் சொல்லவில்லை, அந்த இடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வரியை முடித்திருந்தது. எண் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே போடலாம், அதற்கும் முறை உண்டு என்றேன். அவள் கொஞ்ச நேரம் அந்த ஜெராக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை தங்கவயலுக்குப் போகிறாளாம், தாத்தாவின் பழைய லைன் வீட்டுப் பக்கம் இன்னும் இதழ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களாம், மூலப் பிரதியைப் பார்த்துவிட்டே அந்தப் பெட்டியை நிரப்புகிறேன் என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினாள்.